பென்சிலால் எழுதிய ஒரு வரி: உலக வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் உலக வரலாற்றுப் பாடநூல் எழுதும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். இருபத்தேழு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் சிலரோடு விடைத்தாள் திருத்தும் முகாம்களில் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கக்கூடும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்புக்கு ஓர் அலகுத் தேர்வு வைத்தேன். ‘ரோமானியச் சமூகத்தில் பெண்களின் நிலையைக் குறிப்பிடுக’ என்பது இரண்டு மதிப்பெண் வினா. எல்லாப் பிள்ளைகளும் ஒரே விடையை எழுதியிருந்தார்கள். பெண்கள் திருமணத்துக்கு முன் தந்தைக்கும், பின்பு கணவனுக்கும் கட்டுப்பட்டு வாழ்ந்தனர். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. நான் சொல்லிக்கொடுத்த விடைதான். ஒரு மாணவி மட்டும் அதற்குக் கீழே பென்சிலால் ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘அவர்கள் இதை ஏற்றுக்கொண்டார்களா என்று புத்தகத்தில் இல்லை.’

இரண்டு மதிப்பெண்ணும் போட்டேன். பென்சில் வரிக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. அத்தனை ஆண்டுகளாக அந்த விடைக்கு முழு மதிப்பெண் போட்டு வந்தவளுக்கு இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றவில்லையே என்ற வருத்தம்தான் மிஞ்சியது. அன்று தொடங்கித் தேடித் தேடிப் படித்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை.

கி.மு. 216இல் கன்னே போர்க்களத்தில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் ரோம் ஒரு பெரும் படையைப் பறிகொடுத்தது. மறு ஆண்டு ஓப்பியஸ் என்ற டிரிபியூன் (மக்கள் சார்பில் தேர்ந்தெடுக்கப்படும் அதிகாரி) ஒரு சட்டம் கொண்டுவந்தார். எந்தப் பெண்ணும் அரை அவுன்சுக்கு மேல் தங்கம் வைத்திருக்கக் கூடாது. பல வண்ண ஆடை உடுத்தக் கூடாது. சமயச் சடங்குக்கு அன்றி நகருக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு மைலுக்குள்ளும் வண்டியில் போகக் கூடாது. ரோமானியரின் அரை அவுன்சு நம் கணக்கில் இரண்டு பவுனுக்கும் குறைவு. போர்க்காலம் என்பதால் பொறுத்துக்கொண்டார்கள். போர் முடிந்தது, வெற்றி வந்தது, செல்வம் குவிந்தது. சட்டம் மட்டும் அப்படியே கிடந்தது.

கி.மு. 195இல் அதை நீக்க வேண்டும் என்று டிரிபியூன்கள் இருவர் முன்மொழிந்தார்கள். வேறு இருவர் தடுப்பதற்குத் தயாராக நின்றார்கள். அப்போது ரோம் நகரப் பெண்கள் செய்ததை வரலாற்றாசிரியர் லிவி விரிவாக எழுதுகிறார். கணவன்மார் சொல்லுக்கும் அடங்காமல் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள். மன்றத்துக்குப் போகும் தெருக்களை எல்லாம் அடைத்துக்கொண்டு நின்று, வருகிற ஆண்களை மறித்து ஆதரவு கேட்டார்கள். சுற்று ஊர்களிலிருந்தும் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். நாளுக்கு நாள் கூட்டம் பெருகியது.

அந்த ஆண்டின் கான்சல், அதாவது ஆட்சித் தலைவர், மார்க்கஸ் கேட்டோ. பெண்கள் கூட்டத்தின் நடுவே கூனிக் குறுகித்தான் மன்றத்துக்கு வந்து சேர்ந்ததாகச் சொல்லிப் பேச்சைத் தொடங்குகிறார். தெருவை மறித்துக்கொண்டு பிறர் கணவன்மாரிடம் பேசுவது என்ன வழக்கம், இதை அவரவர் வீட்டில் அவரவர் கணவனிடம் கேட்டிருக்கக் கூடாதா என்று கேட்கிறார். சொந்த விவகாரத்தைக்கூடப் பாதுகாவலர் இல்லாமல் பெண் நடத்தக் கூடாது என்றார்களே முன்னோர், கடிவாளத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எச்சரிக்கிறார். கடைசியில் உள்ளே இருந்த அச்சம் வெளியே வந்துவிடுகிறது: அவர்கள் உங்களுக்குச் சமமாகத் தொடங்கிய மறுகணமே உங்களுக்கு மேலே போய்விடுவார்கள்.

லிவி இதை எழுதியது அந்த நிகழ்ச்சிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் பின்னால். கேட்டோவின் வாயில் வரும் சொற்களில் பெரும்பகுதி லிவியின் சொற்களாகவே இருக்க வேண்டும். சட்டத்தை நீக்கச் சொல்லிப் பேசிய டிரிபியூன் வலேரியஸும் பெண்ணை உயர்த்திப் பேசிவிடவில்லை. ஆண்களுக்குப் பதவியும் வெற்றி ஊர்வலமும் இருக்கின்றன, பெண்களுக்கு அலங்காரம்தானே அடையாளம் என்கிற அளவில்தான் அவர் பரிவு இருந்தது. மறுநாள் பெண்கள் இன்னும் பெரிய கூட்டமாக வந்து, எதிர்த்து நின்ற இரண்டு டிரிபியூன்களின் வீட்டு வாசலை முற்றுகையிட்டார்கள். தடுப்பதில்லை என்று அவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை நகரவில்லை. சட்டம் நீங்கியது.

இதை நகைக்கும் சேலைக்குமான சண்டை என்று தள்ளிவிடலாம். கேட்டோ அப்படித்தான் தள்ளப் பார்த்தார். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து நடந்ததை அப்படித் தள்ள முடியாது.

கி.மு. 42. சீசர் கொலையுண்ட பிறகு ஆக்டேவியன், ஆண்டனி, லெப்பிடஸ் மூவரும் ரோமை ஆண்டார்கள். எதிரிகள் என்று பட்டியல் போட்டு ஆட்களைக் கொன்று அவர்கள் சொத்தைப் பறித்தார்கள். அதுவும் போருக்குப் போதவில்லை. ரோமின் பெருஞ்செல்வப் பெண்கள் 1400 பேர் தங்கள் சொத்து மதிப்பைக் கணக்குக் காட்டி, கேட்கும் தொகையைச் செலுத்த வேண்டும் என்று ஆணை பிறந்தது. மறைத்தால் தண்டனை. காட்டிக்கொடுப்பவர்களுக்குப் பரிசு.

அந்தப் பெண்கள் முதலில் ஆட்சியாளர் வீட்டுப் பெண்களிடம்தான் போனார்கள். ஆக்டேவியனின் சகோதரியும் ஆண்டனியின் தாயும் மதித்துக் கேட்டார்கள். ஆண்டனியின் மனைவி ஃபுல்வியா வாசலிலேயே விரட்டிவிட்டார். நேரே மன்றத்துக்கு நடந்தார்கள். மக்களும் காவலர்களும் விலகி வழிவிட்டார்கள். மூவரின் இருக்கைக்கு முன்னால் நின்று ஹார்டென்சியா பேசினார். சிசரோவுக்குப் போட்டியாக நின்ற பேச்சாளர் ஹார்டென்சியஸின் மகள் அவர்.

அப்பியன் கிரேக்கத்தில் எழுதிய வரலாற்றில் அந்தப் பேச்சு இருக்கிறது. எங்கள் தந்தையரையும் கணவரையும் மகன்களையும் உடன்பிறந்தாரையும் உங்களுக்குத் தீங்கு செய்தார்கள் என்று சொல்லி எடுத்துக்கொண்டீர்கள். நாங்களும் தீங்கு செய்திருந்தால் எங்கள் பெயரையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். பெண்களாகிய நாங்கள் உங்களில் யாரையும் பகைவன் என்று அறிவிக்கவில்லை, உங்கள் வீட்டை இடிக்கவில்லை, உங்கள் படையைக் கலைக்கவில்லை என்றால், குற்றத்தில் பங்கில்லாத எங்களுக்குத் தண்டனையில் மட்டும் பங்கு எதற்கு? பதவியில், படைத் தலைமையில், ஆட்சியில் எங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. அதற்காகத்தான் நீங்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொள்கிறீர்கள். நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும்? அந்நியன் படையெடுத்து வந்தால் எங்கள் தாய்மாருக்கு நாங்கள் குறைந்தவர்களாக இருக்க மாட்டோம். உள்நாட்டுப் போருக்கு ஒருநாளும் தர மாட்டோம்.

ஆண்கள் வாய் மூடிக் கிடக்கும்போது பெண்கள் பொதுக்கூட்டம் போடுவதா என்று மூவருக்கும் கோபம். அவர்களை விரட்டச் சொல்லிக் காவலருக்கு ஆணையிட்டார்கள். வெளியே நின்ற கூட்டம் கூச்சலிட்டது. காவலர் கை தாழ்ந்தது. மறுநாள் 1400 என்பது 400 ஆயிற்று. மீதிப் பணத்துக்குச் செல்வம் படைத்த ஆண்களிடமும் கை நீட்டினார்கள்.

ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின், பேச்சுக்கலை ஆசான் குவின்டிலியன் தம் காலத்திலும் அந்த உரை படிக்கப்பட்டது என்கிறார். பெண் பேசியது என்ற சலுகைக்காகப் படிக்கவில்லை என்றும் சேர்த்தே எழுதுகிறார்.

வரி கேட்கிறாயே, எனக்கு வாக்கு எங்கே என்ற கேள்வியை எந்த ஆண்டு, எந்த நாட்டோடு சேர்த்து நாம் சொல்லிக்கொடுக்கிறோம்? அமெரிக்கக் குடியேற்றங்கள், 18ஆம் நூற்றாண்டு. அதற்கு ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பொது மன்றத்தில் ஒரு பெண் அதைக் கேட்டிருக்கிறார். அந்தப் பெயரைச் சொல்லாமலே இருபத்தேழு ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டேன்.

இதை ரோமானியப் பாடத்தில் ஓர் ஓரத்துக் கட்டமாகச் சேர்த்துவிட்டால் போதாது. பெண்ணுரிமைப் போராட்டத்தின் தொடக்கம் ரோமின் நிழலிலேயே நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் படித்தவர்களின் மனம் குடியிருந்தது ரோமில். குடியரசு என்றால் அவர்களுக்கு ரோம். அறம் என்றால் புரூட்டஸ். பையன்களுக்கு லத்தீனைப் பிரம்பால் அடித்துப் புகட்டினார்கள், பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவின் இடுக்கு வழியாகவே அவர்கள் உள்ளே போனார்கள். பிரான்சின் மேடம் ரோலான் ஒன்பது வயதில் செபப் புத்தகத்துக்குப் பதிலாக, கிரேக்க, ரோமத் தலைவர்களின் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க்கின் நூலைத் தேவாலயத்துக்கு எடுத்துப்போனதாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். இங்கிலாந்தின் கேத்தரின் மெக்காலே இளமையில் ரோம, கிரேக்கக் குடியரசுகளின் வரலாற்றைப் படித்து வளர்ந்தவர். 1763 தொடங்கி எட்டுத் தொகுதிகளில் இங்கிலாந்தின் வரலாற்றை எழுதினார். 1790இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கல்வி வேண்டும் என்று வாதிட்டார். இரண்டு ஆண்டு கழித்துப் பெண்ணுரிமை நூலை வெளியிட்ட மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் தம் நூலிலேயே அவரைப் போற்றுகிறார்.

அமெரிக்க விடுதலைத் தலைவர்களில் ஒருவரான ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகேல் ஆடம்ஸ் தம் கடிதங்களில் ‘போர்ஷியா’ என்று கையெழுத்திட்டு வந்தார். சீசரைக் கொன்ற புரூட்டஸின் மனைவி, இரகசியம் காக்கத் தன்னால் முடியும் என்று காட்டத் தன் தொடையைத் தானே வெட்டிக்கொண்டவள் அந்தப் போர்ஷியா. 1776 மார்ச் 31இல் கணவர் ஜானுக்கு அபிகேல் எழுதினார்: புதிய சட்டங்களை இயற்றும்போது பெண்களை நினைவில் வையுங்கள், கணவன்மார் கையில் வரம்பில்லாத அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள். சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்று ஜான் பதில் எழுதினார். அந்தப் புதிய குடியரசு தன் மேலவைக்கு ரோமிடமிருந்து ‘செனட்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டது. போர்ஷியாவின் கடிதத்திலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

பிரான்சில் நடந்தது இன்னும் கொடுமை. 1789இல் ழாக்-லூயி தாவீத் தீட்டிய ஓவியம் ஒன்றைச் சொல்கிறேன். இவன் வேறு புரூட்டஸ், போர்ஷியாவின் கணவனுக்குப் பல நூற்றாண்டு முந்தியவன். மன்னராட்சியை ஒழித்து ரோமில் குடியரசை நிறுவிய இந்தப் புரூட்டஸ், மன்னனை மீட்கச் சதி செய்த தன் மகன்களுக்கே மரண தண்டனை விதித்தவன். அவன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான், நிழலில், முகத்தை இறுக்கிக்கொண்டு. பின்னால் மகன்களின் சடலத்தைச் சுமந்து வருகிறார்கள். வலப்பக்கம் வெளிச்சம் விழுந்த இடத்தில் தாய் கையை நீட்டிக் கதறுகிறாள், ஒரு மகள் மயங்கிச் சாய்கிறாள். நடுவே ஒரு மேசை. அதன்மேல் பாதியில் விட்ட துணியோடு ஒரு தையல் கூடை. நாட்டை நிறுவியவன் ஒரு பக்கம், அழுகிறவர்கள் ஒரு பக்கம், நடுவில் தையல் கூடை. புரட்சிக்காரர்கள் கொண்டாடிய ரோம் இதுதான்.

1791இல் நாடகாசிரியை ஒலிம்ப் டி கூஜ் பெண்ணின் உரிமைகளுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தூக்குமேடை ஏறும் உரிமை பெண்ணுக்கு இருக்கிறது, அப்படியானால் பேச்சு மேடை ஏறும் உரிமையும் இருக்க வேண்டும் என்பது அதன் பத்தாவது பிரிவு. மேடைக்கு அவர் எழுதிய பிரெஞ்சுச் சொல் ‘திரிபூன்’, ரோமிலிருந்து வந்த சொல். 1793 அக்டோபர் 30இல் பெண்கள் சங்கங்கள் எல்லாவற்றையும் புரட்சி அரசு தடை செய்தது. நவம்பர் 3இல் ஒலிம்பின் தலையை வெட்டியது. 8ஆம் தேதி மேடம் ரோலான். சில நாள் கழித்துப் புரட்சியின் சின்னமான சிவப்புத் தொப்பி அணிந்து பாரிஸ் நகர மன்றத்துக்குள் வந்த பெண்களைப் பார்த்து ஷொமெட் என்ற தலைவர், வீட்டை விட்டுவிட்டு அரசியலுக்கு வந்த ஒலிம்பின் கதி நினைவிருக்கட்டும் என்று மிரட்டினார். கேட்டோவின் பேச்சையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் எனக்கு உடல் நடுங்குகிறது. இருவருக்கும் நடுவே இரண்டாயிரம் ஆண்டு.

சட்டத்துக்கு வருகிறேன். உங்களில் பலர் இந்தப் பகுதியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைப்பதால் சற்று நீட்டியே சொல்கிறேன்.

ரோமானியச் சட்டத்தில் தந்தையின் அதிகாரத்திலிருந்தும் கணவனின் அதிகாரத்திலிருந்தும் விடுபட்ட பெண்ணுக்கும், வயது வந்திருந்தாலும், ஒரு பாதுகாவலர் இருந்தார். முக்கியமான சொத்து விவகாரங்களுக்கு அவர் ஒப்புதல் வேண்டும். பெண்ணின் மனம் இலேசானது, அதனால் முன்னோர் இப்படி வைத்தார்கள் என்று சட்ட அறிஞர் காயஸ் ஓரிடத்தில் எழுதுகிறார். அந்த வரியை எல்லாரும் எடுத்தாளுகிறார்கள். அதே நூலில், சில பக்கம் தள்ளி, அதே காயஸ் எழுதுகிறார்: வயது வந்த பெண்களைப் பாதுகாவலில் வைக்க மதிக்கத்தக்க காரணம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை, மனம் இலேசானது, எளிதில் ஏமாறுவார்கள் என்று பொதுவாகச் சொல்லும் காரணம் பார்வைக்குப் பொருத்தமாகத் தெரிகிறதே ஒழிய உண்மை இல்லை, ஏனென்றால் அவர்கள் தங்கள் விவகாரங்களைத் தாங்களே நடத்திக்கொள்கிறார்கள். பாதுகாவலரின் ஒப்புதல் பல நேரங்களில் வெறும் சடங்கு என்றும், அவர் மறுத்தால் நீதி நடுவரே அவரைக் கட்டாயப்படுத்தி ஒப்புதல் வாங்கித் தருகிறார் என்றும் சேர்க்கிறார். இது கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் எழுத்து.

பிறகு அந்த நூலின் முழுப் பிரதி உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்தது. தோல் ஏட்டில் இருந்த காயஸின் எழுத்தைச் சுரண்டிவிட்டு, அதன்மேல் புனித ஜெரோமின் கடிதங்களை யாரோ எழுதிவிட்டார்கள். இத்தாலியின் வெரோனா நகரத் தேவாலய நூலகத்தில் அந்த ஏடு கிடந்தது. 1816இல் நீபூர் என்ற ஜெர்மானிய அறிஞர் அங்கே போனார். மேலே இருந்த எழுத்துக்கு அடியில் வேறொரு எழுத்து மங்கலாகத் தெரிவதைக் கண்டுபிடித்தார். காயஸ் மீண்டும் வெளியே வந்தது அப்படித்தான்.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1804இல், நெப்போலியனின் உரிமையியல் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. கணவன் மனைவிக்குப் பாதுகாப்பும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிதலும் தரக் கடமைப்பட்டவர்கள் என்றது 213ஆம் பிரிவு. ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர்கள் பட்டியலில் வயது வராதவர்களுக்கும் உரிமை முடக்கப்பட்டவர்களுக்கும் அடுத்து, சட்டம் குறிப்பிடும் இடங்களில், மணமான பெண்களை வைத்தது 1124ஆம் பிரிவு. இந்தப் பழியை எல்லாம் ரோமின் தலையில் போட முடியாது. வடபிரான்சின் வழமைகளுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ரோமில் பிற்காலத்தில் மணமான பெண் தன் சொத்தைத் தனியாக வைத்திருந்தாள், சிசரோவின் மனைவி டெரன்ஷியாவைப் போல. நெப்போலியனின் சட்ட அறிஞர்கள் ரோமின் பெருமையைச் சூடிக்கொண்டார்கள். ரோம் தன் பெண்களுக்கு விட்டுக்கொடுத்ததை மட்டும் விட்டுவிட்டார்கள். கீழ்ப்படிதல் என்ற சொல் பிரெஞ்சுச் சட்டத்திலிருந்து நீங்கியது 1938இல்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிலை வேறு வழியில் மோசம். கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே ஆள், அந்த ஆள் கணவன் என்பது அங்கே பொதுச்சட்டம். நியூயார்க் மாநிலத்து ஜான்ஸ்டவுனில் ஒரு வழக்கறிஞரின் மகள் அதை அப்பாவின் அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்த்தாள். சொத்தை இழந்த பெண்கள் வந்து அழுவார்கள். அப்பா அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துச் சட்டம் இப்படி இருக்கிறதே என்று காட்டுவார். அந்தப் பக்கங்களை எல்லாம் கத்தரியால் வெட்டி எறிந்துவிட்டால் தீர்ந்தது என்று அவள் முடிவு செய்தாள். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. புத்தகத்தை வெட்டினால் சட்டம் போகாது, பெரியவளானதும் மாநிலத் தலைநகர் ஆல்பனிக்குப் போய்ச் சட்டமன்றத்தாரிடம் சொல் என்றார்.

அவளுக்குப் பதினொரு வயதானபோது வீட்டின் ஒரே மகன், கல்லூரிப் படிப்பை அப்போதுதான் முடித்தவன், இறந்துபோனான். அப்பாவைத் தேற்ற அவள் கண்ட வழி, ஆண்பிள்ளைகள் படிப்பதைத் தானும் படிப்பது. பக்கத்து வீட்டுப் பாதிரியாரிடம் கிரேக்கம் கற்றாள். பள்ளியில் பையன்களோடு போட்டியிட்டுக் கிரேக்கத்தில் பரிசு வாங்கி, அதைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடினாள். அவர் மகளின் நெற்றியில் முத்தமிட்டார். பெருமூச்சு விட்டு, ‘நீ ஆணாகப் பிறந்திருக்க வேண்டும்’ என்றார். எலிசபெத் கேடி ஸ்டான்டன் தம் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்பில் இது இருக்கிறது. இந்த இடத்தை வகுப்பில் ஒருமுறை வாசித்தேன். பெண்பிள்ளைகள் வரிசையில் சத்தமே இல்லை. அந்தச் சொல்லைத் தங்கள் வீட்டில் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை, முகத்தில் தெரிந்தது.

1848 ஜூலையில் செனிகா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பெண்ணுரிமைக்காக ஏறத்தாழ முந்நூறு பேர் கூடினார்கள். ஸ்டான்டன் எழுதிய அறிக்கையில் நூறு பேர் கையெழுத்திட்டார்கள். மணமான பெண் சட்டத்தின் கண்ணில் இறந்தவளாக இருக்கிறாள் என்றது அறிக்கை. அதற்கு அடுத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று: மணமாகாதவளாகவும் சொத்துள்ளவளாகவும் இருந்தால் அவளிடம் வரி வாங்குகிறார்கள், அவள் சொத்தால் இலாபம் வரும்போது மட்டும் அரசு அவளை அறிகிறது. ஹார்டென்சியா நின்ற இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். 1854இல் நியூயார்க் சட்டமன்றத்தாரை விளித்து ஸ்டான்டன் எழுதிய உரை ஆல்பனி பெண்ணுரிமை மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. அப்பா சொன்ன அதே ஆல்பனி.

ரோமானியச் சட்டத்தை அளவுகோலாக எடுத்துத் தங்கள் நாட்டுச் சட்டத்தை அளந்து காட்டியவர்கள் அதன்பின் வந்தார்கள். 1861இல் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஹென்றி மெய்ன், பிற்கால ரோமில் பெண் பெற்றிருந்த சொத்துரிமையை ஐரோப்பா பின்னாளில் சுருக்கிக்கொண்டதை எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டே வைஸ்ராயின் அவையில் சட்ட உறுப்பினராக அவர் கல்கத்தாவுக்கு வந்தார். 1869இல் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் இன்னும் கூர்மையாக எழுதினார். ரோமானிய அடிமைக்குக்கூடத் தனக்கென்று சிறு சேமிப்பு வைத்துக்கொள்ளச் சட்டம் ஓரளவு இடம் கொடுத்தது. இங்கிலாந்தின் மனைவிக்கு அதுவும் இல்லை. மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டங்கள் இங்கிலாந்தில் 1870இலும் 1882இலும் வந்தன.

வரிப் போராட்டம் மட்டும் நிற்கவே இல்லை. கனெக்டிகட் மாநிலத்தில் கிளாஸ்டன்பரி என்ற ஊர். ஜூலியா, ஆபி என்று இரண்டு சகோதரிகள், ஒருவருக்கு எண்பது தாண்டிவிட்டது, மற்றவருக்கு எழுபத்தாறு. வாக்கு இல்லாமல் வரி கட்ட மாட்டோம் என்றார்கள். 1874 ஜனவரியில் வரி வசூலிப்பவர் வந்து அவர்களின் எட்டுப் பசுக்களில் ஏழு பசுக்களை ஓட்டிக்கொண்டு போனார். ஊர்க் கூட்டத்தில் பேச ஆபிக்கு இடம் மறுத்தார்கள். வெளியே நின்ற ஒரு வண்டியில் ஏறி நின்று பேசினார். ஜூலியா எபிரேயம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் அறிந்து விவிலியம் முழுவதையும் மொழிபெயர்த்தவர். 1876இல் அது வெளிவந்தது. ஒரு முழு விவிலியத்தை மொழிபெயர்க்கத் தெரிந்த பெண்ணுக்கு ஊர் வரியைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தகுதி இல்லை என்றது அந்த ஊர்.

இங்கிலாந்தில் 1909இல் பெண்கள் வரி மறுப்புக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் மகள் சோபியா அதில் இருந்தார். 1911இல் அவர் உரிமக் கட்டணம் செலுத்த மறுத்ததற்கு அவருடைய வைர மோதிரத்தைக் கைப்பற்றி ஏலம் விட்டார்கள். உடன் போராடிய பெண் ஒருவர் ஏலத்தில் அதை எடுத்துச் சோபியாவிடமே திருப்பிக் கொடுத்தார். பள்ளி ஆண்டு விழாவில் நடித்துக் காட்டத் தக்க காட்சி இது.

தமிழர் வாழ்விலும் ரோமானியச் சட்டத்தின் இந்த இழை ஓடியிருக்கிறது. இலங்கையின் கரையோரத்தை ஆண்ட டச்சுக்காரர்கள் அங்கே ரோமன்-டச்சுச் சட்டத்தை விட்டுப்போனார்கள். ரோமானியச் சட்டமும் ஒல்லாந்து வழமையும் கலந்தது அது. கணவன் மனைவிக்குப் பாதுகாவலன் என்பது அதில் உள்ள விதி. 1923ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையில் அந்தக் கணவன் அதிகாரத்தை எடுத்தது. ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழருக்குத் தான் பொருந்தாது என்றும் சொன்னது. அவர்களுக்கு 1911இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியைக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் விற்க முடியாதிருந்தது. அவன் காரணமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை அணுகிச் சம்மதம் பெறலாம் என்று இருந்தது. இதைப் படித்ததும் காயஸை எடுத்து மறுபடி பார்த்தேன். பாதுகாவலர் மறுத்தால் நீதி நடுவர் ஒப்புதல் வாங்கித் தருவார் என்று அவர் எழுதியது, பெயர் மட்டும் மாறி, யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்திருந்தது. அதே இலங்கையில் பெண்கள் 1931இலேயே வாக்களித்தார்கள், பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமை பெறுவதற்கு முன்னால்.

இதைச் சொல்லிக்கொடுக்கும்போது ரோமை ஒரு பொற்காலமாகக் காட்டிவிடக் கூடாது என்ற கவலையும் எனக்கு உண்டு. ஹார்டென்சியா பேசியது பணக்காரப் பெண்களுக்காக. அவர் வீட்டில் விளக்கேற்றிய அடிமைப் பெண்ணுக்கு மன்றமும் இல்லை, வரியும் இல்லை, தன் உடலே தனக்குச் சொந்தமில்லை. மூசோனியஸ் ரூஃபஸ் என்ற ஸ்டோயிக் தத்துவ ஆசான், மகனுக்குக் கொடுக்கும் கல்வியை மகளுக்கும் கொடுங்கள் என்றார். குதிரையையும் நாயையும் பழக்குகிறவர்கள் ஆண் பெண் பார்ப்பதில்லையே என்று கேட்டார். தன் அடிமைப் பெண்ணோடு உறவு கொள்ளும் கணவன், தன் மனைவி ஆண் அடிமையோடு அப்படி இருந்தால் பொறுப்பானா என்றும் கேட்டார். அவரும் முடிவில், தத்துவம் படித்த பெண் நல்ல இல்லத்தரசியாக இருப்பாள் என்பதில்தான் வந்து நிற்கிறார். பிள்ளைகளிடம் இதை மறைக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த முரண் புரியும். தன் வீட்டிலேயே அதைப் பார்த்துத்தானே வளர்கிறது.

ரோமானியப் பெண் என்றால் நம் பிள்ளைகளுக்குத் தெரிபவர்கள் இருவர். மானபங்கப்பட்டுத் தன்னைக் குத்திக்கொண்டு செத்த லுக்ரீஷியா. பிள்ளைகளைக் காட்டி இவர்களே என் நகைகள் என்ற கொர்னேலியா. ஒருத்தியின் சாவில் குடியரசு பிறந்தது, இன்னொருத்தியின் மடியில் தலைவர்கள் வளர்ந்தார்கள். இருவரையும் நீக்கச் சொல்லவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில், உயிரோடு நின்று கேள்வி கேட்டவளுக்கு இடம் கொடுங்கள்.

நான் கேட்பது ஒன்றரைப் பக்கம். ஓப்பியச் சட்டத்தையும் ஹார்டென்சியாவையும் ரோமானியப் பாடத்தில் சேருங்கள். பிரெஞ்சுப் புரட்சியில் ஒலிம்பின் பத்தாவது பிரிவை ஒரு வரியாவது கொடுங்கள். வெரோனாவில் ஏட்டுக்கு அடியில் ஏடு கிடந்த கதையைச் சொல்லுங்கள். வரலாறு எப்படிக் கிடைக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல கதை என்னிடம் இல்லை. பயிற்சி வினாவையும் மாற்றுங்கள். ‘பெண்களின் நிலையைக் குறிப்பிடுக’ என்று கேட்டால் நிலை மட்டும்தான் விடையாக வரும். அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று. வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய தாவீத் ஓவியத்தில் வலப்பக்கத்தை வெட்டியிருந்தார்கள். புரூட்டஸும் சடலங்களும் மட்டும் இருந்தன. அதுதான் முழு ஓவியம் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அடுத்த பதிப்பில் அந்தப் படத்தைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால், இடம் போதவில்லை என்று அச்சகத்தார் சொன்னாலும், தையல் கூடையோடு முழுதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை ஒருத்தி